தலைக்கு மேலே 17 கிலோமீட்டர்

எங்கள் துடியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாயு மண்டலத்தைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டுமானால் கரும்பலகை அவ்வளவாகத் தேவையில்லை. வடக்கே நீலகிரி நிற்கிறது. ஊர் வழியாகவே மேட்டுப்பாளையத்துக்கு ரயில் போகிறது. அங்கே இறங்கி, 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் உதகமண்டலம் வரைக்கும் வந்து சேர்ந்த அந்த மலை ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பாடம் தானாகவே ஆரம்பமாகிவிடும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டர். உதகை ரயில் நிலையம் சுமார் 2,200 மீட்டர். கல்லாற்றில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கைக்குட்டையால் விசிறிக்கொள்கிற மனிதர், குன்னூரில் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்; லவ்டேல் வந்ததும் பெட்டியைத் திறந்து கம்பளிச் சட்டையைத் தேடுகிறார். சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி உஷ்ணம் குறையும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. கீழே 30 டிகிரி என்றால் மேலே ஏறத்தாழ 18. இதை எந்தப் பிள்ளையும் மறுப்பதில்லை. அதன் மூக்கு நுனியே சாட்சி சொல்கிறது.

சூட்டிகையான பிள்ளையாக இருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்கும். “மலைக்கு மேலேயும் ஏறிக்கொண்டே போனால், எதுவரைக்கும் குளிர்ந்துகொண்டே போகும்?”

பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரியில் பதில் இருக்கிறது. காற்றின் கீழடுக்கு துருவங்களில் 8 கிலோமீட்டர் உயரம் வரைக்கும், நிலநடுக்கோட்டுப் பக்கம் 18 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் இருக்கிறது. அதற்கு மேல் குளிர்வது நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். கீழடுக்கு, மீளடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு என்று ஐந்து பெயரையும் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பித்துவிட்டு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எட்டு எப்படி எட்டாயிற்று, பதினெட்டு எப்படிப் பதினெட்டாயிற்று என்று யாரும் கேட்பதில்லை, சொல்வாரும் இல்லை. இந்த இரண்டாவது எண் நம்முடையது. நம் வீட்டு ஓட்டுக்கு மேலே இருக்கிற ஆகாயத்தின் அளவு. இதை உலகத்துக்கு விளங்க வைத்தவர்களில் முதன்மையானவர் துடியலூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். அவருடைய பெயர் கே. ஆர். ராமநாதன். கதை எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அவருடைய வரலாறு எந்தக் கதைக்கும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

அவரிடம் போவதற்கு முன்னால், காற்று என்பது என்ன என்ற பாடத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஈரமில்லாத காற்றில் நூறு படி எடுத்துக்கொண்டால் 78 படி நைட்ரஜன், 21 படி பிராணவாயு. மிச்சமிருக்கும் ஒரு படியில் பெரும்பாகம் ஆர்கான் என்கிற சோம்பேறி வாயு. அது எதனுடனும் சேராது, எந்த வம்புக்கும் போகாது. இவையெல்லாம் போக மிஞ்சுகிற சொற்பத்தில்தான் சங்கதியே இருக்கிறது. பயிரெல்லாம் உயிர் வாழும் கரியமிலவாயு 10,000 படியில் 4 படிக்குச் சற்று மேல். மழையாக விழுகிற நீராவி இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். ஓசோனோ இன்னும் அற்பம். நம் தலைக்கு மேல் உள்ள ஓசோன் முழுவதையும் கீழே கொண்டுவந்து தரையில் பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் கனம்கூடத் தேறாது. சூரியனுடைய கடுமையான புற ஊதாக் கதிரிலிருந்து நம் தோலையும் கண்ணையும் காப்பாற்றுவது அந்த மெல்லிய படலந்தான்.

ஆகாயத்தை அளப்பதைப் பற்றி நம் பழைய புலவர் ஒருவரும் பேசியிருக்கிறார். சூரியன் செல்லும் வழியையும், காற்று இயங்கும் திசையையும், ஒன்றுமில்லாமல் நிற்கும் ஆகாயத்தையும், நேரே போய் அளந்து வந்தவர்களைப் போல ‘இன்ன அளவு’ என்று சொல்பவர்களும் உண்டு என்று புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சொல்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் நமக்கு அப்போதே தெரியும்” என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘அளந்தவர்களைப் போல’ என்றுதானே புலவர் சொன்னார்? அவருடைய வார்த்தை நாணயமான வார்த்தை. உண்மையாகவே போய் அளந்தவர்கள் வெகுகாலம் கழித்துத்தான் வந்தார்கள்.

வந்தவர்களில் சிலர் உயிரையே பணயம் வைத்தார்கள். 1862 செப்டம்பரில் கிளெய்ஷர், காக்ஸ்வெல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் திறந்த கூடை கட்டிய பலூனில் 29,000 அடிக்கு மேலே போனார்கள். கிளெய்ஷர் பிரக்ஞை இழந்து சாய்ந்துவிட்டார். காக்ஸ்வெல்லுக்குக் கை மரத்துப்போயிற்று. வாயுவைத் திறந்துவிடும் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துப் பலூனைக் கீழே இறக்கினார். பிறகு மனிதர்களை அனுப்புவதை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் அனுப்பலாம் என்ற புத்தி வந்தது. பிரான்சு நாட்டில் தெய்ஸ்ரான் த போர் என்பவர் இருநூற்றுக்கு மேற்பட்ட பலூன்களை விட்டுப் பார்த்தார். பதினோரு கிலோமீட்டர் வாக்கில் குளிர்வது நின்றுபோவதைக் கண்டு முதலில் அவரே நம்பவில்லை. வெயில் பட்டுக் கருவி பொய் சொல்கிறதோ என்று இராத்திரியில் விட்டுப் பார்த்தார். இராத்திரியிலும் அதே கதைதான். 1902-ல் உலகத்துக்கு அறிவித்தார். ஆகாயத்துக்கு மாடி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் அது ஐரோப்பாவின் ஆகாயம். 1908-ல் பெர்சான் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரிப் பக்கம் போய்ப் பலூன் விட்டபோது, ஐரோப்பாவில் குளிர்வது நின்ற உயரத்தில் அங்கே நிற்கவில்லை. இன்னும் மேலே போயிற்று. ஜாவாவின் பட்டாவியாவில் விட்ட பலூன்களும் அதையே சொல்லின. இவை தனித்தனிச் சாட்சியங்கள். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, பூமி முழுவதற்கும் ஒரு படம் வரைய ஆள் வேண்டியிருந்தது.

ராமநாதன் 1893 பிப்ரவரி 28-ஆம் தேதி பிறந்தவர். கல்பாத்தி என்றதும் நம்மவர்களுக்குத் தேர்த் திருவிழாவும் ஆற்றங்கரை விசுவநாதசுவாமி கோயிலும் ஞாபகத்துக்கு வரும். ஆனால் காற்றைப் பற்றி நினைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் விலகி நின்று, நடுவில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற இடங்களில் தடுக்கப்பட்டு நிற்கும் பருவக்காற்று, இந்தக் கணவாய் வழியாகத்தான் எங்கள் கோவைச் சீமைக்குள் நுழைகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பொதுப் பழமொழி; எங்கள் பக்கத்தில் அது வருஷாவருஷம் நடக்கிற காரியம். கோயமுத்தூருக்குச் சித்திரை வெயில் போனதும் சிலுசிலுப்பு வருவதற்கு அந்தக் கணவாய்தான் காரணம். கணவாயின் அந்தப் பக்கத்து வாசலில் பிறந்து வளர்ந்த பையன் காற்றைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1914-ல் திருவனந்தபுரம் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் சோதனைச் சாலை ஆசிரியராகச் சேர்ந்தார். அந்த ஊரில் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் ஏற்பட்ட பழைய வானாராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அதையும் இவரே பார்த்துக்கொண்டார். அதிலிருந்த பதிவுகளைப் புரட்டிக் கேரளத்து இடிமழையைப் பற்றி ஆராய்ந்தார். 1921-ல் கல்கத்தாவுக்குப் போய்ச் சர் சி. வி. ராமனிடம் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரங்கூன் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. ஆனாலும் விடுமுறை வந்தால் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்துவிடுவார். 1923-ல் தண்ணீரின் வழியாகச் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, அதில் நிறம் சற்றே மாறிய மங்கலான ஒளி ஒன்றும் கலந்திருப்பதைக் கண்டார். மங்கலான ‘ஒளிர்வு’ என்று அப்போது எண்ணப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, ராமன் விளைவு என்ற பெயரில் உலகம் கொண்டாடிய விஷயத்தின் வால் நுனி அது. இன்னொருவராயிருந்தால் கடைசிவரைக்கும் அதையே சொல்லிக் குறைபட்டிருப்பார். ராமநாதனோ 1925-ல் இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்து, ஒளியை விட்டுவிட்டுக் காற்றுக்குப் போய்விட்டார்.

வானிலை இலாகாவின் மேல்காற்று ஆராய்ச்சி நிலையம் ஆக்ராவில் இருந்தது. தாஜ்மகாலைப் பார்க்க உலகமெல்லாம் வரும் ஊரில், ஒரு கூட்டம் மட்டும் அண்ணாந்து ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ரப்பர் பலூனில் ஹைட்ரஜனை அடைத்து, அதன் அடியில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி விடுவார்கள். டைன்ஸ் என்ற ஆங்கிலேயர் அமைத்த கருவி அது. கையில் வைத்தால் கனமே தெரியாது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதையும் உஷ்ணம் குறைவதையும், தபால் தலை அளவுள்ள உலோகத் தகட்டில் ஊசி முனை கீறிக்கொண்டே போகும். ரேடியோ மூலம் செய்தி அனுப்பும் கருவிகள் வராத காலம். உச்சிக்குப் போனதும் பலூன் உப்பி வெடித்துவிடும். மூங்கில் சிம்புச் சட்டத்துக்குள் தொங்கும் கருவி, பல மைல்களுக்கு அப்பால் எங்காவது விழும். யார் வயலிலோ, எந்த முள்ளுக்காட்டிலோ, யார் கண்டார்கள்?

இந்த இடத்தில்தான் எனக்குக் கதை சூடுபிடிக்கிறது. கருவியோடு ஒரு சீட்டையும் கட்டியிருப்பார்கள். கண்டெடுத்துக் கொடுப்பவருக்கு இனாம் உண்டு என்று அதில் எழுதியிருக்கும். ஏதோ ஒரு கிராமத்தில் கோதுமை வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த குடியானவன், வானத்திலிருந்து விழுந்த வஸ்துவைக் கண்டு முதலில் பயந்திருப்பான். பிறகு மூங்கிலைப் பார்த்துத் தைரியம் கொண்டிருப்பான். படிக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருப்பான். அவன் அதைக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்திருந்தால் விஞ்ஞானத்துக்கு ஒரு நாள் ஆகாயம் நஷ்டம். திரும்பி வந்தவற்றிலிருந்துதான் எல்லாம் தெரிந்தது. வந்த தகட்டைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்து, மயிரிழைக் கீறலை அளந்து, எந்த உயரத்தில் எத்தனை டிகிரி என்று கணக்குப் போட வேண்டும். ஒரு கீறலில் கண் பிசகினால் ஒரு கிலோமீட்டர் பிசகிப்போகும். விஞ்ஞான வரலாற்றில் பேராசிரியர்களின் படத்தைப் போடுகிறார்கள். அந்தக் குடியானவர்களுக்கும் ஒரு படம் போட்டால் தகும் என்பது என் கட்சி.

1925 ஜூலை முதல் 1928 மார்ச் வரை ஆக்ராவில் விட்ட பலூன்களின் பதிவுகளை ராமநாதன் ஆராய்ந்தார். ஐரோப்பா, அமெரிக்கா, பட்டாவியா ஆகிய இடங்களின் பதிவுகளையும் சேர்த்துக்கொண்டார். நிலநடுக்கோட்டிலிருந்து வடதுருவம் வரை, கோடையில் ஒன்றும் குளிர்காலத்தில் ஒன்றுமாக, ஆகாயத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போன்ற படம் வரைந்தார். 1929 ஜூன் மாதம் ‘நேச்சர்’ என்ற லண்டன் பத்திரிகையில் அது வெளியாயிற்று. படத்தோடு சேர்த்து இரண்டே பக்கம். அதில் கண்ட முடிவு இதுதான்: பூமியின் மேல் உள்ள காற்றில் மிகக் குளிர்ந்த காற்று துருவத்துக்கு மேலே இல்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், பூமியைச் சுற்றி ஒரு தட்டையான வளையம் போலக் கிடக்கிறது. அதன் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 88 டிகிரி வாக்கில்.

வெயில் தலையைப் பிளக்கும் நாட்டுக்கு மேலேதான் பெருங்குளிர்! கேட்டவர்களுக்குத் தலைகீழாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் துடியலூர்ப் பிள்ளை ஊட்டி ரயிலில் கற்றுக்கொண்ட கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். நம் தரையில் சராசரி 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் 17 கிலோமீட்டர் ஏறினால் 110 டிகிரிக்கு மேல் குறைய வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 83 வருகிறது. ராமநாதன் கண்டதற்கும் இதற்கும் ஐந்தே டிகிரி வித்தியாசம்; பள்ளிக்கூடக் கணக்குக்கு இது போதும். ஐரோப்பாவிலோ தரையில் 15 டிகிரி. 11 கிலோமீட்டரிலேயே குளிர்வது நின்றுவிடுகிறது. அதனால் 56 டிகிரிக்குக் கீழே போவதில்லை. நம் பூமி சூடானது, காற்று ஈரமானது. சூடான ஈரக் காற்று பிரம்மாண்டமான இடிமேகமாக எழும்புகிறது; அந்த நீராவி மழையாக மாறும்போது வெளிப்படும் சூடு அதை இன்னும் மேலே தள்ளுகிறது. எழும்பும் காற்று விரிகிறது, விரியும் காற்று குளிர்கிறது. உயரத் தூக்கப்பட்டதால்தான் அவ்வளவு குளிர். ஊட்டி ரயில் 17 கிலோமீட்டர் வரை போனால் எப்படியோ, அப்படி.

பிற்காலத்தில், தென்துருவக் குளிர்கால ஆகாயத்திலும் 85, 90 கிலோமீட்டர் உயரத்திலும் இதற்குச் சமமான குளிரும் இதைவிடக் கடுமையான குளிரும் உண்டென்று தெரிந்தது. அதனால் இந்த வளையத்தின் மகிமை குறைந்துவிடவில்லை. 1949-ல் இங்கிலாந்தில் புரூவர் என்பவர் விமானத்தில் எடுத்த அளவுகளை ஆராய்ந்தார். மீளடுக்கில் உள்ள காற்று அவர்கள் ஊருக்கு மேலே எலும்பு போல் உலர்ந்து கிடந்தது. இங்கிலாந்து ஆகாயத்தின் குளிரில் அவ்வளவு நீராவி உறைந்து உதிர்ந்திருக்க முடியாது. அப்படியானால் அந்தக் காற்று எங்கே உலர்ந்தது? நம் தலைக்கு மேலுள்ள குளிர்ந்த பகுதியின் வழியாக மேலே ஏறி, அங்கேயே நீராவியை உறையவிட்டு, பிறகு துருவத்தை நோக்கிப் போயிருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். கல்பாத்திக்காரர் படத்தில் வரைந்து காட்டிய வளையம், உலகத்து மேல்காற்றுக்கெல்லாம் வாசலாகவும் வடிகட்டியாகவும் இருப்பது தெரிந்தது.

ஓசோன் புதிரும் இதே வாசலில்தான் விடுபட்டது. 1928-ல் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானி டாப்ஸன், ஓசோனை அளக்கும் கருவிகளை உலகின் பல மூலைகளுக்கு அனுப்பினார். கலிபோர்னியாவுக்கு ஒன்று, எகிப்துக்கு ஒன்று, நியூசிலாந்துக்கு ஒன்று. இன்னொன்று நம் கொடைக்கானலுக்கு வந்தது. அங்கே எடுத்த படத்தகடுகளைக் கப்பலில் ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பி அளந்தார்கள். சூரியன் நேரே காயும் இடத்தில்தானே ஓசோன் நிறைய உண்டாக வேண்டும்? கொடைக்கானலில் மிகக் குறைவாக இருந்தது. ஆண்டு முழுவதும் அதிகம் மாறவுமில்லை. நம் ஆகாயத்தில் உண்டாகும் ஓசோனை மேல்காற்று துருவப் பக்கம் வாரிக்கொண்டு போய்விடுகிறது என்பது பின்னால் விளங்கிற்று. நாம் விளைவிக்கிறோம்; அவர்கள் களஞ்சியத்தில் சேர்கிறது. விவசாயிகளுக்கு இது புதிய செய்தி அல்ல.

ராமநாதன் 1948-ல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். அதே ஆண்டு, விக்கிரம் சாராபாய் ஆமதாபாத்தில் தொடங்கிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்துக்கு முதல் இயக்குநரானார். அங்கும் அபு மலையிலும் மாணவர்களை வைத்துக்கொண்டு, சூரியன் விழும் நேரத்தில் தலைக்கு நேர் மேலே உள்ள வானத்தின் ஒளியை அளந்து, ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு என்று கண்டுபிடித்தார். வடநாடுகளைவிட நம் பக்கத்தில் அது உயரத்தில் திரண்டிருக்கிறது என்பது அவர்கள் கண்ட விஷயம். சர்வதேச ஓசோன் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். பீர்மேட்டில் பிறந்து சென்னையில் படித்த அன்னா மணி, ஓசோனைப் பலூனில் அனுப்பி நேரடியாக அளக்கும் இந்தியக் கருவியை 1960-களில் உருவாக்கினார். 1963 நவம்பர் 21-ஆம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனது. பிறகு புதன்கிழமைதோறும் வானிலை ராக்கெட்டுகள் போய், பலூன் எட்டாத இடையடுக்கையும் அளந்து வந்த காலம் ஒன்று இருந்தது. ஒப்பிக்கிற ஐந்து பெயரில் மூன்றுக்காவது நம் பக்கத்திலேயே அளவுகோல் போட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால், அடுத்த தடவை ஒப்பிக்கும்போது குரல் சற்று மாறும் என்றே நினைக்கிறேன்.

அரசாங்கம் 1976-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. 1984 டிசம்பர் 31-ஆம் தேதி, தொண்ணூற்றிரண்டாவது வயது நடக்கும்போது, அவர் காலமானார். அடுத்த மே மாதம், அவருடைய படத்தை வெளியிட்ட அதே ‘நேச்சர்’ பத்திரிகையில் மூன்று ஆங்கிலேயர்களின் கட்டுரை ஒன்று வந்தது. தென்துருவத்தில் ஹாலி விரிகுடாவில் டாப்ஸன் கருவியை வைத்து ஆண்டுக்கணக்காக அளந்தவர்கள் அவர்கள். அங்கே வசந்தகாலத்தில் ஓசோன் மளமளவென்று குறைந்து வருகிறது என்று எழுதியிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் தெளிப்பான் டப்பாவுக்கும் மனிதன் செய்த வாயுக்கள், நம் தலைக்கு மேலுள்ள வாசல் வழியாகத்தான் மீளடுக்குக்குள் ஏறிப் போயிருந்தன. தென்துருவத்து இருட்டில் மேகம் உறையும் அளவுக்குக் குளிர்ந்த காற்றில் அவற்றின் குளோரின் விழித்துக்கொண்டு, வெயில் வந்ததும் ஓசோனைத் தின்ன ஆரம்பித்திருந்தது.